பிறழ்வது சாட்சி மட்டுமா?

(முக்கூடலில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவின் கொல்லப்பட்ட பிறகு இந்த மாவட்டத்தில் எங்கே பேசப் போனாலும் இரண்டு கேள்விகள் வருகின்றன. "ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் எப்போது வரும்?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள். "பத்து வருசம் கேஸ் நடத்தி, கடைசியில் சாட்சி பத்தவில்லை என்று விட்டுவிடுவான். அதுக்கு என்கவுண்டர் செய்தால் என்ன?" இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு சொல் நிற்கிறது. சாட்சியம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கின் சாட்சியங்களைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. யார் என்ன செய்தார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மேடையில் நாம் தீர்ப்பு எழுதினால், அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாட இடம் கிடைக்கும். நாம் பேச வேண்டியது முடிந்துபோன வழக்குகளைப் பற்றி. அவற்றில் எங்கே பிடி தளர்ந்தது, எங்கே பிடித்தது என்று பார்த்தால்தான் அடுத்த வழக்குக்கு உதவும்.

கீழ்வெண்மணியிலிருந்து தொடங்குவோம். 1968 டிசம்பர் 25, 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் நம் ஆட்கள் இன்றுவரை மறக்காத ஒரு காரணம் இருக்கிறது. இவர்கள் பெரிய மிராசுதார்கள், வசதி படைத்தவர்கள். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பதுதான் அது. சாட்சி சொன்னவர்கள் அங்கே இருந்தவர்கள், பார்த்தவர்கள். ஆனால் யாரை நம்புவது இயல்பு, யாரைச் சந்தேகிப்பது இயல்பு என்ற முடிவு சாட்சிக்கூண்டுக்கு வெளியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. "சாதாரண மனிதன் எப்படி நடந்துகொள்வான்" என்று சட்டம் கேட்கும்போது, அந்தச் சாதாரண மனிதன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு போய்விட்டது. சட்டங்கள் மாறியிருக்கின்றன. நீதிபதிகளும் மாறியிருக்கிறார்கள். ஆனால் சாதிய வழக்கில் சாட்சியம் உடைகிற இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. மூன்று வழக்குகளை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதல் இடம் காவல் நிலையம். கண்ணகி–முருகேசன் வழக்கு. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் அந்த இரண்டு பேருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஊரே அறிய நடந்தது. காவல்துறை என்ன செய்தது? உடனே வழக்குப் பதியவில்லை. பிறகு பதிந்தபோது, மகனைப் பறிகொடுத்த தலித் தரப்பிலிருந்தும் ஆட்களைக் குற்றவாளிகளாகச் சேர்த்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த கொலை என்று ஒரு கதை கட்டப்பட்டது. 2004இல் வழக்கு சிபிஐக்குப் போன பிறகுதான் அந்தக் கதை உடைந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் காவல்துறை அதிகாரிகள், பொய்ச் சாட்சியம் புனைந்ததற்காக. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. முருகேசன் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. கொலை நடந்து கிட்டத்தட்ட 22 வருசம் ஆகியிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சாட்சி பிறழ்வதற்கு முன்னாலேயே விசாரணை பிறழ்ந்துவிட்டது. நீதிமன்றத்தில் சாட்சி மாறிப் பேசினால் 'பிறழ் சாட்சி' என்று அவர் மேல் முத்திரை விழுகிறது. காவல் நிலையத்தில் மாறிப் போன வழக்குக்கு அப்படி ஒரு பெயர் நம்மிடம் இல்லை.

இரண்டாவது இடம் சாட்சிக்கூண்டு. கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன் 23, திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தன் தோழியோடு போன பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார். தற்கொலை என்று காட்டுவதற்கான ஏற்பாடெல்லாம் இருந்தது. கடிதம்கூட இருந்தது. விசாரித்து வந்த டிஎஸ்பி விஷ்ணுபிரியா அந்த வருசம் செப்டம்பரில் இறந்துபோனார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. நாமக்கல்லில் நடந்த விசாரணையைக் கோகுல்ராஜின் தாயார் உயர் நீதிமன்றம் வரை போராடி மதுரைக்கு மாற்றினார். பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வழக்கை நடத்தினார்.

அந்த வழக்கின் உயிர் எதில் இருந்தது? கோயிலில் இருந்து அவரை அழைத்துப் போனதை நேரில் பார்த்தவர் அந்தத் தோழி. அவர் மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலம் கொடுத்திருந்தார். விசாரணை நீதிமன்றத்தில் அதிலிருந்து மாறினார். வேறு சாட்சிகளும் மாறினார்கள். இங்கே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. கூண்டில் அவர் வேறு மாதிரிச் சொன்னால், முரண்பாட்டைக் காட்ட மட்டும் பயன்படும். மாஜிஸ்திரேட் முன்பு சொன்னதுகூடத் தனியாக நிற்காது. கூண்டில் சொல்வதற்கு வலுச் சேர்க்கவோ, அதை மறுக்கவோதான் பயன்படும். கூண்டில் நின்று சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்வதுதான் சாட்சியம்.

இது அநியாயமான விதியா? இல்லை என்பதுதான் என் பதில். போலீஸ் எழுதிக்கொண்டதை அப்படியே ஆதாரம் என்று வைத்தால், நாளைக்கு நம் பையன்கள் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விதி சரிதான். ஆனால் அந்த விதி ஒரு சுதந்திரமான சாட்சியைக் கற்பனை செய்துகொள்கிறது. வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும், தெருவில் சாதிச் சங்கமும், வெளியில் ஃபேஸ்புக்கில் வீரவசனம் பேசுகிறவர்களும் சுற்றி நிற்க, நடுவில் ஒரு இளம்பெண் தனியாகக் கூண்டில் ஏறுகிறார் என்பது அந்தக் கற்பனையில் இல்லை.

அப்படியிருந்தும் அந்த வழக்கு ஜெயித்தது. 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை விதித்தது. ஐந்து பேரை விடுதலை செய்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அந்தத் தோழியை மறுபடி வரவழைத்தார்கள். கோயில் சிசிடிவி காட்சியைப் போட்டுக் காட்டிக் கேட்டார்கள். காட்சியில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிபதிகள் கோயிலுக்கும், உடல் கிடந்த இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். கேமரா எங்கே இருந்தது, அதில் எது தெரியும், எது தெரியாது என்று பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று தண்டனையை உறுதி செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பை நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஜெயித்த விதத்தையும் படிக்க வேண்டும். நேரில் பார்த்த சாட்சி விலகிப்போன இடத்தில் சூழ்நிலைச் சாட்சியங்களை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தார்கள். 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. குற்றவாளி இவர்தான் என்ற முடிவைத் தவிர வேறு முடிவுக்கு இடம் இருக்கக் கூடாது. அந்தக் கடுமையான சோதனையிலேயே வழக்கு நின்றது. யாரும் சலுகை காட்டி ஜெயிக்கவில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பை 'அரசியல் தீர்ப்பு' என்று யாராலும் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

அந்தக் கோயிலில் கேமரா இல்லாமல் இருந்திருந்தால்? அல்லது ஹார்ட் டிஸ்கைச் சரியான நேரத்தில் எடுக்காமல் விட்டிருந்தால்? பெரும்பாலான வழக்குகளில் இதுதான் நடக்கிறது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவும் அதையே கேட்கிறது. ஒரு காகிதம் இல்லாமல் போனால் ஒரு கொலையைக் காட்டும் வீடியோ குப்பைக்குப் போகலாம்.

மூன்றாவது இடம் சதி. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். பட்டப்பகல், பேருந்து நிலையம் பக்கம், சிசிடிவி. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. சதி என்ற குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது.

கேமராவில் அரிவாள் தெரியும். அரிவாளைக் கொடுத்து அனுப்பியது யார் என்று தெரியாது. ஆணவக்கொலையின் தனித்தன்மையே அங்கேதான் இருக்கிறது. சாதாரணக் கொலையில் கொல்கிறவனுக்கும் கொல்லப்படுகிறவனுக்கும் இடையில் பகை இருக்கும். ஆணவக்கொலையில் முடிவு ஒரு இடத்தில் எடுக்கப்படுகிறது. கை வேறு இடத்திலிருந்து வருகிறது. முடிவு எடுக்கப்பட்ட இடம் வீட்டுக் கூடம். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ரத்த உறவு. அங்கிருந்து யார் வந்து சாட்சி சொல்வார்? போன் பேச்சுப் பட்டியல், வங்கிக் கணக்கு, லாட்ஜ் பதிவேடு, அதற்கு முன்னால் கொடுத்த மிரட்டல், அந்த மிரட்டலைச் சொல்லிக் காவல் நிலையத்தில் கொடுத்த மனு, இவைதான் சதியைப் பேசும். கொலைக்கு முன்னால் கொடுத்த பாதுகாப்பு மனுவை வாங்கி ரசீது கொடுக்காத காவல் நிலையம், ஒரு உயிரை மட்டும் கைவிடவில்லை. பின்னால் வரப்போகும் வழக்கின் முக்கியமான சாட்சியத்தையும் அப்போதே அழித்துவிடுகிறது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. கொலை நிரூபணமானாலும், அது சாதிக்காக நடந்தது என்று நிரூபிப்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் 'என்ற காரணத்துக்காக' என்று இருந்தது. கயர்லாஞ்சியில் 2006இல் போட்மாங்கே குடும்பத்தில் நான்கு பேரை ஊரே சேர்ந்து கொன்றது. அந்த வழக்கில்கூட நீதிமன்றம் அதைப் பழிவாங்கல் என்றுதான் பார்த்தது, சாதி என்று பார்க்கவில்லை. கொலைகாரன் வெட்டும்போது சாதிப் பெயரைச் சொல்லிக்கொண்டு வெட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது போல இருந்தது இது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'என்று தெரிந்தே' என்று மாற்றியது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஊருக்குள் யார் என்ன சாதி என்று தெரியாதவன் உண்டா? சட்டம் ஒருவழியாக ஊரை எட்டிப் பார்த்தது.

சரி, என்கவுண்டர் கேள்விக்கு வருகிறேன்.

2003இல் மகாராஷ்டிராவில் ஒரு கொடூரமான கொலை, பாலியல் வன்கொடுமை வழக்கு. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர் பிடிக்கப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பிறகு மறு ஆய்வில் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. நேரில் பார்த்த பெண், போலீஸ் காட்டிய புகைப்படத் தொகுப்பில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த விவரம் மறைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 16 வருசம் சிறை. அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு என்று தேடிப் படியுங்கள். அவர்களை முதல் வாரத்திலேயே என்கவுண்டர் செய்திருந்தால் ஊர் கைதட்டியிருக்கும்.

'சந்தேகத்தின் பலன்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கோபம் வருகிறது. மிராசுதாருக்கும் சாதிச் சங்கத் தலைவருக்கும் அது தாராளமாகக் கிடைத்து வந்திருப்பதைப் பார்த்த கோபம் அது. நியாயமான கோபம். ஆனால் அந்தப் பலன் இல்லாத நாட்டில் முதலில் சாகிறவர்கள் யார்? கேஸ் கிடைக்காதபோது போலீஸ் தூக்கிக்கொண்டு போவது யார் வீட்டுப் பையனை?

இதற்கு மகாராஷ்டிரா வரை போக வேண்டாம். இங்கிருந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில்தானே இருக்கிறது. விசாரணைக்கு என்று கூட்டிப்போனவர்களின் பற்களைப் பிடுங்கியதாக 2023 மார்ச்சில் புகார் வந்தது. அன்றைய உதவிக் காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சேரன்மகாதேவி சப் கலெக்டர் விசாரித்தார். பிறகு ஐஏஎஸ் அதிகாரி அமுதா விசாரித்தார். சிபிசிஐடிக்கு வழக்கு போனது. ஆரம்பத்தில், கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்று ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பவும் அதே ஸ்டேஷன் இருக்கிற ஊரில்தான் அவர் குடியிருக்க வேண்டும். சாதி ஊரில் சாட்சி எப்படி மாறுகிறாரோ, அதே மாதிரிதான் போலீஸ் ஊரிலும் மாறுகிறார்.

அந்த வழக்கில் யார் என்ன செய்தார் என்பதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அடித்து ஒப்புதல் வாங்குகிற பழக்கம் உள்ள காவல்துறைக்கு விசாரிக்கத் தெரியாது. ரத்தக்கறை எடுப்பது, ஹார்ட் டிஸ்க் கைப்பற்றுவது, போன் பட்டியலைப் பொருத்திப் பார்ப்பது எல்லாம் உழைப்பு. பல்லைப் பிடுங்குவது குறுக்குவழி. குறுக்குவழியில் பழகிய கை, கோகுல்ராஜ் போன்ற வழக்கு வரும்போது திடீரென்று நுட்பமாக வேலை செய்யாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் வருசச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரனுக்கே அவன் வைத்த போலீஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை!

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்தபோது ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அந்த வருசம் டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், 18 மாதம் பதிவு இருக்க வேண்டும் என்றது. சாத்தான்குளத்தில் கேமரா அழிந்த இடத்தில் பேசியது யார்? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரு சாட்சி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அவரைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போது முதல் கேள்வி. தனிச் சட்டம். 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் இயக்கங்கள் பல வருசமாகக் கேட்டதில் ஒரு அடி இது. அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நம் ஆட்களிடம் கேட்டால், தூக்கு என்கிறார்கள், ஜாமீன் கூடாது என்கிறார்கள், குற்றம் செய்யவில்லை என்று அவனே நிரூபிக்கட்டும் என்கிறார்கள். கடைசியாகச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பை ஒட்டுமொத்தமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைக்கிற பழக்கத்தை அரசுக்கு நாமே கற்றுக்கொடுத்தால், அது நம் தெருவுக்குத்தான் திரும்பி வரும். தடா காலத்திலும் ஊபா காலத்திலும் பார்த்துவிட்டோம். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகு குறிப்பிட்ட அனுமானம் வரலாம். உதாரணமாக, மிரட்டல் மனு இருக்கிறது, கொலைக்கு முன் தொடர்பு இருக்கிறது என்று காட்டிய பிறகு விளக்கம் கேட்கலாம். எடுத்த எடுப்பில் முடியாது.

அதைவிட முக்கியமாகச் சட்டத்தில் இருக்க வேண்டியவை இவை. மிரட்டல் மனு கொடுத்தவுடன் அது பதிவாகி, நகல் கைக்கு வர வேண்டும். அதை வாங்காத அதிகாரி மேல் குற்ற வழக்கு வர வேண்டும். சாதி மறுப்பு இணையருக்குப் பாதுகாப்பு இல்லமும் தனிப் பிரிவும் வேண்டும் என்று 2018இல் சக்தி வாகினி தீர்ப்பு சொன்னது மாவட்டம்தோறும் நடைமுறையில் இருக்க வேண்டும். திருமணத்தைத் தடுக்கக் கூடுவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கச் சட்ட ஆணையத்தின் 242ஆவது அறிக்கை 2012இலேயே சொல்லியிருக்கிறது. கொலை நடந்த நாளிலேயே மின்னணுச் சாட்சியம் முறைப்படி எடுக்கப்பட வேண்டும். முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன்பு வீடியோவில் பதிவாக வேண்டும். விசாரணை வேறு மாவட்டத்தில் நடக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டால், அதற்காக ஒரு தாய் உயர் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். கையில் ஏற்கெனவே ஒரு ஆயுதம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்துவது எல்லாம் அதில் இருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை வீடியோவில் பதிவாக வேண்டும் என்றும் இருக்கிறது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் சட்டம் போலவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்?

இந்த ஊரில் பீடி சுற்றுகிற அக்காமார் எத்தனை பேர்! ஒரு நாள் திருநெல்வேலி கோர்ட்டுக்குப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. வாய்தா போட்டுவிட்டால் அடுத்த முறையும் போச்சு. ஐந்தாவது முறை அவர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால், நாம் அவரைப் 'பயந்துவிட்டார்' என்கிறோம். அந்தச் செலவைக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. மனு எழுதிக் கொடுக்க இங்கே படித்த இருபது பேர் இருக்கிறீர்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தேதி எழுதி வையுங்கள். மனுவின் நகலை வையுங்கள். மிரட்டல் வந்த போன் செய்தியை அழிக்காமல் வையுங்கள். சாட்சி சொல்லப் போகிறவரோடு பேருந்தில் இரண்டு பேர் கூடப் போங்கள்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று தொடங்கிய கொடுமை. 269 அரசு ஊழியர்கள் மேல் வழக்கு. எதிரில் படிக்காத மலைக்கிராம மக்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் அதை உறுதி செய்தார். அவரும் தீர்ப்புக்கு முன்னால் அந்த ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார். 31 வருசம் அந்தப் பெண்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் தனியாக நிற்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர்களும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட நின்றார்கள். சாட்சியைக் காப்பாற்றியது அரசு அல்ல. இயக்கம்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம், விட மாட்டோம். அதுவரை, அடுத்த வாய்தாவுக்குச் சாட்சியோடு பேருந்து ஏறப் போகிற இரண்டு பேர் யார் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்யுங்கள்.